உப்புக்காற்றில் ஏசி: நாமே கழுவுவதா, மெக்கானிக்கா, ஏஎம்சியா?

போன தை மாதம் மொட்டை மாடிக்குப் போய் அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத்தில் விரலை வைத்தேன். அலுமினியத் தகடு மாவு மாதிரி உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது. வாங்கி ஐந்தாவது வருஷம். கீழே படுக்கையறையில் இன்டோர் யூனிட் பளிச்சென்று இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறை தவறாமல் சர்வீஸ் செய்து பில்லைக்கூட அடுக்கி வைத்திருக்கிறேன். அத்தனை முறை வந்தவர்களில் மாடி ஏறியவர் எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன். ஒருவர்.

அதே வாரம் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தம்பி போன் செய்தான். "அக்கா, வாரண்டி முடியுது. கம்பெனியிலேர்ந்து ஏஎம்சி போடுங்கன்னு விடாம கூப்பிடுறாங்க. போடவா, இல்ல நம்ம தெரு மெக்கானிக்கே போதுமா?" ஏஎம்சி என்பது வருஷத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டிப் போடும் பராமரிப்பு ஒப்பந்தம். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். புதுச்சேரி குருசுக்குப்பத்தில் கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் இருக்கும் என் வீட்டுக்கும், அவன் வீட்டுக்கும், வில்லியனூரில் இருக்கும் சித்தி வீட்டுக்கும் ஒரே பதில் கிடையாது. அதனால்தான் இது கொஞ்சம் நீளம்.

யார் கழுவுவது என்பதற்கு முன்னால் எதைக் கழுவுகிறோம் என்று பார்க்க வேண்டும். ஸ்பிளிட் ஏசியில் காயில், அதாவது மெல்லிய தகடு கோத்த குழாய்ச் சுருள், இரண்டு. உள்ளே இருப்பது கூலிங் காயில். அறைக்காற்றின் சூட்டையும் ஈரத்தையும் அதுதான் வாங்குகிறது. வெளியே இருக்கும் கன்டென்சர் வாங்கிய சூட்டை வெளியே தள்ளுகிறது. இரண்டுக்கும் வரும் நோய் வேறு வேறு. உள்காயில் எந்நேரமும் நனைந்திருப்பதால் தூசி, தலைமுடி, பவுடர், சமையல் எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து வழவழப்பாகப் படியும். காற்றோட்டம் குறையும். குளிர் வெளியே போக வழியில்லாமல் காயிலில் ஐஸ் கட்டும். டிரெயின் டிரே பாசி பிடித்து, தண்ணீர் சுவரில் வழியும். இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும். தெரிவதால்தான் கழுவுகிறோம்.

வெளிக்காயிலின் நோய் கண்ணில் படாது. கடற்காற்றோடு வரும் உப்பு தகட்டில் படிகிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். சமையலறை உப்பு ஜாடி ராத்திரியில் நீர்த்துக் கிடப்பதைப் பார்க்காத புதுச்சேரிக்காரர் யார்? அதேதான் மாடியில் தகட்டின் மேல் ராத்திரிதோறும் நடக்கிறது. செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அந்த உப்புநீர் புகுந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. இரண்டில் கரைவது அலுமினியம்தான். குழாய் ஓட்டையாவதற்கு ரொம்ப நாள் முன்பே தகடு குழாயை விட்டுப் பிரிந்துவிடும். கேஸ் சரியாக இருக்கும், கம்ப்ரசர் ஓடும், குளிர்ச்சி மட்டும் வராது, கரண்ட் பில் ஏறும்.

ஒரு வேடிக்கை. சன்ஷேடுக்கு அடியில் பத்திரமாக மாட்டிய யூனிட்டைவிட, மழையில் நனையும் யூனிட்டின் காயில் பல சமயம் நன்றாக இருக்கும். மழை இலவசமாக உப்பைக் கழுவிவிடுகிறது. என்னுடையது சன்ஷேடுக்கு அடியில்.

இனி வழிகள். முதலாவது, நாமே செய்துகொள்வது. ஃபில்டரைக் கழற்றித் தண்ணீரில் அலசி நிழலில் காய வைத்து மாட்டுவதைப் பத்து வயதுப் பிள்ளைகூடச் செய்யும். கோடையில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. இதற்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். "டிரை சர்வீஸ்" என்ற பெயரில் சிலர் செய்வது இந்த ஃபில்டர் அலசலும், ஈரத்துணியால் ஒரு துடைப்பும்தான்.

அவுட்டோரைக் கழுவுவதும் நம்மால் முடியும், கை எட்டுகிற இடத்தில் இருந்தால். எம்சிபியை (ஏசிக்கு மின்சாரம் தரும் ஸ்விட்சை) இறக்கிவிட்டுப் பத்து நிமிஷம் பொறுங்கள். தோட்டத்துக் குழாயை மேலிருந்து கீழாக, தகடு போகிற வாக்கிலேயே பிடியுங்கள். சாய்வாக வேகமாக அடித்தால் தகடு மடங்கும். மடங்கிய இடத்தில் காற்று போகாது. கார் கழுவும் பிரஷர் பம்ப்பை அருகில் கொண்டுபோகவே வேண்டாம். மின்சார இணைப்பு இருக்கும் பக்கத்தில் தண்ணீர் விட வேண்டாம். மூடியைத் திறக்கவும் வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் ஷாக் அடிக்கும். சோப்பு, ஷாம்பு எதுவும் தேவையில்லை. உப்புக்குத் தண்ணீரே மருந்து.

ஆனால் எந்தத் தண்ணீர்? இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கடலோரத்தில் பல வீட்டு போர் தண்ணீர் கரிக்கும். உப்பைக் கழுவ உப்புத்தண்ணீரை அடித்தால், காய்ந்ததும் பழைய உப்போடு புது உப்பும் சேர்ந்துகொள்ளும். நான் ஒரு வருஷம் முழுக்க இதைத்தான் செய்தேன். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கரித்தால் வேண்டாம். முத்திரையர்பாளையத்துத் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவந்ததற்காக பாரதி பூங்காவில் ஆயி என்ற பெண்ணின் பெயரில் மண்டபமே கட்டி வைத்திருக்கிற ஊர் இது. நல்ல தண்ணீரின் அருமையை நாம் மறந்திருக்கக் கூடாது. இப்போது நான் மழைக்காலத்தில் பிடித்து வைக்கும் தண்ணீரை இரண்டு குடம் இதற்கென்று ஒதுக்குகிறேன். ஒரு அவுட்டோருக்கு அது போதும்.

நாமே செய்யக் கூடாதது உள்காயில். கடையில் கிடைக்கும் நுரை ஸ்பிரே டப்பாவை வாங்கி அடித்துப் பார்த்தவள் நான். காயிலின் மேல்பக்கம் வெளுத்தது. கரைந்த அழுக்கெல்லாம் கீழே இறங்கி டிரெயின் குழாயை அடைத்தது. விடிகாலை மூன்று மணிக்கு அலமாரிமேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பிளைவுட் உப்பியதுதான் மிச்சம். அழுக்கின் பெரும்பங்கு காயிலில்கூட இல்லை, அதற்குப் பின்னால் உருளும் புளோயரில் இருக்கிறது. அந்தக் கறுப்பை ஸ்பிரே எட்டாது.

இரண்டாவது வழி தெரு மெக்கானிக். நான் கொடுப்பது இன்டோருக்கும் அவுட்டோருக்கும் சேர்த்து 800 ரூபாய். யூனிட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் உறையைக் கட்டி, பிசிபியை (எலக்ட்ரானிக் போர்டை) மூடி, சின்ன ஜெட் பம்ப்பால் காயில், புளோயர், டிரே எல்லாம் கழுவி, டிரெயின் குழாயில் தண்ணீர் ஊற்றிக் காட்ட வேண்டும். முக்கால் மணி நேரமாவது ஆகும். இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டுக் கையைக் கழுவுகிறவரைத் திரும்பக் கூப்பிடாதீர்கள்.

இந்த வழியில் ஆபத்து மூன்று. முதலாவது ஆசிட். அழுக்கு ஜாஸ்தியாக இருந்தால் "கெமிக்கல் போட்டா புதுசு மாதிரி ஆயிடும் அக்கா" என்பார்கள். ஆகவும் ஆகும். அழுக்கோடு அலுமினியத்தின் மேல்தோலையும், தகட்டின் மேலிருக்கும் நீலப் பூச்சையும் அது தின்றுவிடும். அதனால்தான் அந்தப் பளபளப்பு. என் பழைய ஏசிக்கு ஒருவர் அப்படி அடித்தார். இரண்டாவது கோடையில் காயில் ஒழுகியது. ஆசிட்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் சந்தேகம் போகவில்லை. பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். காயிலுக்கென்று விற்கிற மிதமான திரவமா, அடித்தபின் நிறையத் தண்ணீர் விட்டு அலசுகிறாரா என்று பாருங்கள்.

இரண்டாவது ஆபத்து, ஏசிக்குள் ஓடும் கேஸ். சர்வீஸ் முடிந்ததும் மீட்டரை மாட்டி, "கேஸ் கம்மியா இருக்கு, டாப் அப் பண்ணிடலாமா?" என்று கேட்பது ஒரு வழக்கமாகிவிட்டது. ஏசியின் கேஸ் ஸ்கூட்டரின் பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீர்வதற்கு. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுக்கைக் கண்டுபிடிக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். இன்னொன்று, பழைய ஏசிகளின் ஆர்-22 கேஸில் பழகிய கை, மீட்டரில் பிரஷர் 60, 70 பிஎஸ்ஐ பார்த்தால் சரி என்று சொல்லும். ஆர்-32, ஆர்-410ஏ என்ற புது வகைக் கேஸ் மெஷின்களில் ஓடும்போது அதன் இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அழுக்குக் காயிலிலும் பிரஷர் இறங்கும், ஆகவே கழுவாமல் மீட்டர் போட்டால் அந்தக் கணக்குக்கு அர்த்தமில்லை. எவ்வளவு கேஸ் வேண்டும் என்பது யூனிட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் இருக்கும். எடை மெஷின் கொண்டுவருகிற மெக்கானிக் கிடைத்தால் விடாதீர்கள். லீக் பார்க்க நைட்ரஜன்தான் அடிக்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரோடு யாராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். ஆர்-32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

உங்களுக்கே ஒரு சோதனை வேண்டுமா? சாதாரண தெர்மாமீட்டரை ஏசி காற்றை இழுக்கிற இடத்தில் ஒரு தரம், காற்று வெளியே வருகிற வாயில் ஒரு தரம் பிடியுங்கள். கால் மணி நேரம் ஓடிய பிறகு எட்டிலிருந்து பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தால் கேஸைப் பற்றிய பேச்சை அன்றைக்கு ஒத்திப் போடலாம்.

மூன்றாவது ஆபத்து நமக்கில்லை, அந்த மெக்கானிக்குக்கு. சுவரில் அவுட்டோரைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு நம் ஊரில் காயிலைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். மூன்றாவது மாடியில் அதன்மேல் காலை வைத்து ஒருவர் ஏறுவார். ஏறச் சொல்லும் முன் போல்ட்டைப் பாருங்கள்.

இங்கே ஒரு கிளைக்கதை. எங்கள் சித்தப்பா குடும்பம் சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்கள். அவர் மகன் பாரிஸ் பக்கம் இருக்கிறான். அங்கே வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லருக்கு வருஷத்துக்கு ஒரு சர்வீஸ் கட்டாயம். 2009-லிருந்து அது அரசாணை. ஆள் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போவார். அமெரிக்காவில் பல வீடுகளில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் ஏசியின் கூலிங் காயிலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே அடுக்கில் இருக்கும், இரண்டுக்கும் ஒரே புளோயர். ஃபில்டர் அடைத்தால் குளிர்காலத்தில் சூடும் கெடும், கோடையில் குளிரும் கெடும். அந்த ஊர்களில் பயம் நெருப்பும், விரிசல் வழியே கசியும் கார்பன் மோனாக்சைடும். உயிர்ப்பயம் இருப்பதால் செய்யலாமா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. நம் ஏசியில் நெருப்பு இல்லை. கெடுவது பில்லும் காயிலும்தான் என்பதால் நாம் ஒத்திப்போடுகிறோம். அழுக்கடைத்த ஃபில்டரை மாற்றினாலே ஏசி தின்னும் மின்சாரம் 5 முதல் 15 சதவீதம் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கும் கடலூரில் ஒரு படி தாண்டினால் யூனிட் விலையே மாறும். தம்பிக்கு இது நன்றாகத் தெரியும்.

மூன்றாவது வழி ஏஎம்சி. இதில் இரண்டு ரகம். லேபர் மட்டும் என்றால் வருஷத்துக்கு மூன்று சர்வீஸ். ஏதாவது போனால் பாகத்துக்குத் தனிக்காசு. எனக்குச் சொன்ன விலை வரியோடு 2,800. இதற்கு நான் ஒரு காரணமும் காணவில்லை. அதே காசுக்குத் தெரு மெக்கானிக் மூன்று தரம் வந்துவிட்டுப் போவார், மாடியும் ஏறுவார்.

காம்ப்ரிஹென்சிவ் என்பது பாகங்களும் சேர்த்து. என்னிடம் கேட்டது 6,000. இதைத்தான் தம்பி யோசிக்கிறான், யோசிக்கத் தகுந்ததும் இதுதான். நானும் ஒரு வருஷம் போட்டேன். கம்பெனி பெயர் வேண்டாம். வந்த பையன்கள் மரியாதையானவர்கள், நேரத்துக்கு வந்தார்கள், இன்டோரை மட்டும் துடைத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். தகடு உதிர்ந்ததும் போன் செய்தேன். பத்திரத்தின் பின்பக்கம் பார்க்கச் சொன்னார்கள். பொடி எழுத்தில், உப்புக்காற்று, ரசாயனக் காற்று இவற்றால் வரும் அரிப்பு இதில் சேராது என்று இருந்தது. கடற்கரை ஊரில் ஏசியைக் கொல்வது எதுவோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நான் 6,000 கட்டியிருக்கிறேன்.

எல்லாப் பத்திரமும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போடுமுன் மூன்று சொல்லைத் தேடுங்கள்: காயில், கேஸ், பிசிபி. மூன்றும் சேர்ந்திருந்து, அரிப்பைப் பற்றிய விலக்கும் இல்லையென்றால் பணம் தகும். கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஐந்து வருஷ ஏஎம்சி 30,000. மெக்கானிக்குக்கு வருஷம் 1,600 வீதம் 8,000. நடுவில் ஒரு காயிலும் கேஸும் மாற்ற நேர்ந்து 13,000 ஆனாலும் மொத்தம் 21,000. இன்வெர்ட்டர் பிசிபி ஒன்று போனால் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். பாகத்துக்காக அல்ல, மே மாதம் கத்திரியில் போன் எடுக்க ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகப் போடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் அந்த நிம்மதிக்கு விலை உண்டு.

ஒன்றில் மட்டும் கம்பெனியை விடக் கூடாது. கம்ப்ரசருக்குப் பத்து வருஷ வாரண்டி என்று எழுதிக் கொடுத்திருந்தால், அது உயிரோடு இருக்கும்வரை கேஸ் லைனைத் திறக்க அவர்களையே கூப்பிடுங்கள். கழுவ யார் வேண்டுமானாலும் வரலாம்.

காயில் ஒழுகவே ஆரம்பித்துவிட்டால்? ஒரே இடத்தில், வளைவில் ஓட்டை என்றால் பற்றவைக்கலாம். இரண்டாவது ஓட்டை வந்தால் பற்றவைப்பை நிறுத்திவிட்டுக் காயிலையே மாற்றுங்கள். உப்பு ஒரு இடத்தோடு நிற்காது. எட்டு வருஷத்துக்கு மேலான ஆர்-22 மெஷின் என்றால் அதில் ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம். அந்த வகைக் கேஸை 2030-க்குள் நிறுத்துவதாக மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி இந்தியா ஏற்றிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் புது ஏசிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகவும் இறங்கிவிட்டது. புதிது வாங்கும்போது நீலத் தகடு, தங்கநிறத் தகடு என்று நிறத்தைக் காட்டி மயக்குவார்கள். நிறம் பூச்சின் அடையாளம்தான், எத்தனை நாள் தாங்கும் என்பதை அது சொல்லாது. பெரிய வாய்க்கால் மாதிரி சாக்கடைக்குப் பக்கத்து வீடு என்றால் அதிலிருந்து வரும் வாயு செம்பையும் கறுக்க வைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது கழுவுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாசி மகத்துக்குச் சாமிகளெல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்கும் தேவனாம்பட்டினத்துக்கும் வருவதற்குள் ஒரு தரம். அதற்கப்புறம் மெக்கானிக்குகள் சாமியைவிட அரிது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, போகிக்கு வீட்டை ஒட்டடை அடிக்கும்போது இரண்டாம் தரம். புயல் வந்தால் இந்தக் கணக்கு செல்லாது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல். இரண்டும் நம் கரையில்தான் ஏறின. அந்தக் காற்று கடல்நீரையே தூக்கிக்கொண்டு ஊருக்குள் வரும். காற்று நின்ற மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ நல்ல தண்ணீர் விட்டுவிடுங்கள். ஃபெஞ்சலில் ரெயின்போ நகர் மாதிரித் தாழ்ந்த இடங்களில் தரையில் வைத்த அவுட்டோர்கள் முழுகின. முழுகியதை, காய்ந்துவிட்டது என்று நம்பி ஸ்விட்ச் போடாமல், ஆளைக் கூப்பிட்டுத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஆக, வில்லியனூர் சித்திக்கு: வருஷத்துக்கு ஒரு மெக்கானிக், பதினைந்து நாளுக்கு ஒரு ஃபில்டர். அங்கே உப்பு இல்லை, தூசிதான். கடலை விட்டுச் சில நூறு மீட்டர் தள்ளிப் போனாலே உப்பு மளமளவென்று குறையும், பத்து கிலோமீட்டருக்குக் கேட்கவே வேண்டாம். சித்தி வீட்டுக்கு யாராவது ஏஎம்சி விற்க வந்தால் காபி கொடுத்து அனுப்பலாம்.

தம்பிக்கு: சில்வர் பீச்சிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாய். வருஷத்துக்கு இரண்டு தரம் மெக்கானிக் போதும், அவுட்டோர் இல்லாமல் காசு கொடுக்காதே. ஏஎம்சி மூன்று ஏசிக்கும் வேண்டாம். கீழே மாமாவும் அத்தையும் படுக்கிற அறைக்கு மட்டும், அந்த மூன்று சொல்லும் பத்திரத்தில் இருந்தால், போட்டுக்கொள். நீ நெய்வேலி ஷிப்டில் இருக்கும்போது அவர்கள் மெக்கானிக்கைத் தேடி அலைய முடியாது.

எனக்கு: மாதம் ஒரு தரம் இரண்டு குடம் மழைத்தண்ணீர், வருஷத்துக்கு இரண்டு தரம் 800 ரூபாய் மெக்கானிக், ஏஎம்சி கிடையாது. உதிர்ந்த காயிலை மாற்றிவிட்டேன். கூடவே அவுட்டோரை சன்ஷேடுக்கு அடியிலிருந்து ஒரு முழம் வெளியே தள்ளி, புது ஸ்டாண்டில் மாட்டச் சொன்னேன். "மழையில நனையுமே அக்கா" என்றார் மெக்கானிக். நனையட்டும் என்றேன்.